மிச்சத் துணி

கோச்கோர்
4 மே 1997

அண்ணிக்கு,

எசென் அண்ணனின் ஜீன்ஸை டாக்ஸிக்காரர் சமத்திடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நாற்பதாம் நாள் அண்ணன் துணிகளைப் பங்கு பிரித்தார்களே, அப்போது என் பங்குக்கு வந்தது. கோட்டு பெரியப்பாவுக்கு. பூட்ஸ் சமத்துக்கு. உங்களுக்கு எதுவும் வரவில்லை என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

குளிர்காலம் முழுக்க மடித்தே வைத்திருந்தேன். அடுத்த மாதம் ஆடுகளோடு மலைக்கு ஏறவேண்டும். "பெட்டிக்குள்ள போட்டு வச்சா அவன் குளிர்ல நிக்கிறான்னு அர்த்தம், எடுத்துப் போட்டுக்கோ" என்கிறாள் அம்மா.

போட்டுப் பார்த்தேன். இடுப்பில் என் முஷ்டி இரண்டும் போகின்றன. கால் தரையில் இழுபடுகிறது. துணி அவ்வளவு கனம். நான் திரும்புகிறேன், அது திரும்ப மாட்டேன் என்கிறது. சேற்றில் மாட்டிய வெளிநாட்டுக்காரன் வண்டியை இழுத்துவிட்டதற்குக் கிடைத்தது என்று அண்ணன் சொல்வாரே, அந்த ஆள் எப்படிப்பட்ட மலையாக இருந்திருப்பான் என்று யோசிக்கிறேன். அண்ணனுக்கு அது கச்சிதமாக இருந்தது.

அம்மா மற்ற துணிகளையெல்லாம் துவைத்தாள். இதை மட்டும் துவைக்கவில்லை. நனைந்தால் தூக்க முடியாது என்றாள்.

அளவு நாடா இல்லை. ஆட்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நுனியிலிருந்து முதல் முடிச்சு தொடை. இரண்டாவது இடுப்பு. மூன்றாவது கால் உயரம்.

உங்கள் மகள் ஐதா நலம். பாட்டியோடு தூங்குகிறாள். ஓர் ஆட்டுக்குட்டிக்கு "அம்மா" என்று பெயர் வைத்திருக்கிறாள். உங்களுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் மூன்றாம் ஆண்டுப் புத்தகங்கள் இன்னும் விடுதியிலேயே கிடக்கின்றன. அண்ணன் போன செய்தி வந்த அன்று அப்படியே விட்டு வந்தது. போய்ப் பார்க்க வேண்டாம். யாராவது எடுத்திருப்பார்கள்.

துராத்


பிஷ்கெக்
14 மே

சின்னவனுக்கு,

கயிறும் பேன்ட்டும் வந்தன. இரண்டில் கயிறுதான் அதிகம் நாறியது.

பஜாரில் எங்கள் கடை ஒரு கன்டெய்னர். இரண்டு மெஷின், ஒரு ஜன்னல். பக்கத்து மெஷின் தில்பர். பேன்ட்டைத் தரையில் நிறுத்தினேன், அது பாட்டுக்கு நின்றது. தில்பர் பார்த்துவிட்டு, "உள்ள ஆளு இருக்காரா?" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அழுக்கோடு தைத்தால் ஊசி முனை போய்விடும். எந்தத் துணியானாலும் துவைத்துவிட்டுத்தான் கை வைப்போம். மூன்று நாள் துவைக்காமல் வைத்திருந்தேன். நாலாம் நாள் சுடுதண்ணீரில் போட்டேன். டீசல் வாசம் போய்விட்டது. முழங்கால் புடைப்பு மட்டும் போகவில்லை. காய்ந்த பிறகும் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரியே இருக்கிறது.

இடுப்பை முதுகுப் பக்கம் பிரித்துப் பட்டியை எடுத்துச் சுருக்கியிருக்கிறேன். கால்களை உள்பக்கமாகப் பிடித்துத் தைத்திருக்கிறேன். ஊசி இரண்டு உடைந்தது. தையல் மேல் தையல் வரும் இடத்தில் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கினால்தான் மெஷின் ஏறுகிறது. அடித்த சத்தத்தில் எதிர்க்கடை செருப்புக்காரர் வந்து, "என்னம்மா, குதிரைக்கு லாடமா?" என்று கேட்டார்.

மிச்சத்தை வெட்டவில்லை. உள்ளே மடித்து விட்டிருக்கிறேன். உனக்கு இருபத்திரண்டு வயசு, உடம்பு போடும். அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்.

கத்தரியைக் கையில் எடுத்தேன்தான். நம் பக்கத்தில் வாழ்ந்து முடித்த பெரியவர்கள் போனால் துணியைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பெண்களுக்குக் கொடுப்பார்கள். அவருக்கு முப்பத்தொன்று. அத்தை ஒரே ஒரு துண்டாவது கிழிக்கலாமா என்று கேட்டார்கள். "இளஞ்சாவுக்குக் கிழிக்கக் கூடாது, அந்த வயசு அடுத்த வீட்டுக்கும் போகும்" என்று உன் பெரியப்பா தடுத்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தேன். ஆனாலும் காது கேட்டது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆட்டுக்குட்டி பெயரைச் சொன்னது நல்லது. இனி இப்படிப்பட்டவற்றைச் சொல்ல இரண்டு நாள் எடுக்காதே.

அசில்


சோங்-கோல் ஏரி, மேய்ச்சல் மேடு
15 ஜூன்

அண்ணிக்கு,

பால் வண்டி இன்று கீழே போகிறது. அவசரமாக எழுதுகிறேன்.

பேன்ட் இடுப்பில் சரியாக இருக்கிறது. நின்றால் நன்றாக இருக்கிறது. சேணத்தில் உட்கார்ந்தால்தான் வினை. உள்ளே மடித்திருக்கிறீர்களே, அது தொடைக்கும் குதிரைக்கும் நடுவே கயிறு மாதிரி நிற்கிறது. இரண்டு பக்கமும் தோல் உரிந்துவிட்டது. ஆட்டுக்கொழுப்பு தடவிக்கொண்டு வாத்து மாதிரி நடக்கிறேன். அந்த மிச்சத்தை வெட்டிவிடலாமே? எனக்கு இனிமேல் உடம்பு போடாது.

ஒன்று நடந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாததால் நடந்தபடியே எழுதுகிறேன்.

பெரியப்பா எங்கள் கூடாரத்துக்கு வந்தார். என் நடையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குனிந்து என் கால் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார்.

"யார் கை இது? அசில் கைதானே?"

"ஆமா பெரியப்பா."

"நீ கேட்டியா, அவளா தச்சாளா?"

"நான்தான் அனுப்பினேன். தச்சுக் குடுத்தாங்க."

அவர் அம்மாவைப் பார்த்து, "பாத்தியா உல்கான், புருஷன் துணியை அவ கையாலேயே இவன் அளவுக்குப் பிடிச்சுட்டா. இனி நாம கேக்க என்ன இருக்கு?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கய்மாக் பாலாடையை ஒரு கிண்ணத்தில் போட்டு என் முன் நகர்த்தினாள். அண்ணனின் கிண்ணம்.

அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாள் அடுத்த கூடாரத்துப் பெண்கள் அம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னபோது புரிந்தது.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

துராத்


பிஷ்கெக்
22 ஜூன்

சின்னவனுக்கு,

இந்த மாதம் நாற்பது ஆண்களுடைய பேன்ட்டைச் சுருக்கியிருக்கிறேன். ஒரு போலீஸ்காரர், இரண்டு முல்லா, கல்லீரல் கெட்டு இளைத்துப்போன ஒரு வாத்தியார். உன் பெரியப்பாவிடம் சொல், நாற்பது பேருக்கும் ஒரே நாளில் என்னோடு நிக்காஹ் வைத்துவிடட்டும். ஆடு அறுப்பது மிச்சம்.

பேன்ட்டை அனுப்பினாய். தைத்தேன். அது என் தொழில். அண்ணன் துணியைத் தம்பிக்குத் தைத்தால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆறு மாதம் நகரத்தில் இருந்தால் இதெல்லாம் மறந்துபோகிறது போல. அது என் தப்பு.

உன் தப்பைக் கேட்கிறேன். அவர் அப்படிச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? கிண்ணம் நகர்ந்தது, அம்மா பேசவில்லை, பெண்கள் வாழ்த்தினார்கள், எல்லாம் எழுதியிருக்கிறாய். நீ என்ன சொன்னாய் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. இரண்டு தடவை தேடினேன்.

ஐதாவை வைத்து என்ன பேசுகிறார்கள்? அதையும் எழுது. நான் வேலை தேடிக் கிளம்பியபோது "வருஷம் திரும்பட்டும், வந்து கூட்டிட்டுப் போ" என்றுதான் அத்தை சொன்னார்கள். அந்த வார்த்தையில்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

தொடைக்குக் கொழுப்பு தடவாதே, புண் ஆறாது. சாம்பல் வை.

அசில்


சோங்-கோல்
8 ஜூலை

எப்படி விளிப்பதென்று தெரியவில்லை. அதனால் விளிக்காமல் தொடங்குகிறேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பதில்.

முதலில் புரியாததால் சொல்லவில்லை. புரிந்த பிறகு, சொல்ல வேண்டிய நேரம் போய்விட்டதென்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு தினமும் ஒரு காரணம்.

அவர்கள் பேசிவைத்திருப்பது இது. நவம்பரில் அண்ணனுக்கு வருஷம் திரும்பும் ஆஷ் விருந்து. அன்று உங்கள் கறுப்பு உடுப்பை இறக்கி வெள்ளை போடுவார்கள். அதே நாள், அதே முல்லா, உங்களுக்கும் எனக்கும் நிக்காஹ். நீங்கள் மறுத்தால் உங்களைத் தடுக்க மாட்டார்கள். "போறவ போகட்டும், பிள்ளை இந்த வீட்டு எலும்பு" என்கிறார் பெரியப்பா. ஐதா இங்கேயே இருப்பாள். அம்மா இதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. என் பேசாமை எங்கிருந்து வந்ததென்று இப்போது தெரிகிறது.

இன்னொன்று. எழுதாமல் விடலாம். எழுதிவிடுகிறேன்.

அண்ணனின் சாம்பல் குதிரை உங்களுக்குத் தெரியுமே. ஏழு மாதமாக என்னை ஏறவிடவில்லை. மலைக்கு வந்த முதல் நாள் இந்தப் பேன்ட்டோடு கிட்டே போனேன். தொடையும் தொடையும் உரசும்போது இந்தத் துணி ஒரு சத்தம் போடும். காதைத் திருப்பிக் கேட்டது. நின்றது. ஏறவிட்டது. அன்று மாலை வரை ஏரியைச் சுற்றி ஓட்டினேன். யாரோ என்னை உள்ளே போட்டுக்கொண்டு ஓட்டுவது போல இருந்தது. திரும்பி வந்தபோது அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தை ஏழு மாதத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

பெரியப்பா சொன்னது எனக்கு வெறுப்பாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாறு. புருஷன் வீட்டு ஆண்களைப் பெயர் சொல்லக் கூடாதென்று அன்றைக்கே எனக்குச் "சின்னவன்" என்று பெயர் வைத்தீர்கள். ஆறு வருஷமாக அப்படியே கூப்பிடுகிறீர்கள். என் பெயரை உங்கள் வாயால் ஒரு தடவை கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். அண்ணன் இருந்தபோதே யோசித்திருக்கிறேன்.

இதைக் கிழித்துவிடுங்கள்.

து.


பிஷ்கெக்
2 ஆகஸ்ட்

சின்னவனுக்கு,

மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் திட்டியிருந்தேன். இரண்டாவதில் அழுதிருந்தேன். மூன்றாவது சரியாகத்தான் இருந்தது, ஆனால் அதில் உண்மை இல்லை.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பத்திரமாகவும் வைக்கவில்லை. மெஷின் இழுப்பறையில் பாபின்களோடு கிடக்கிறது. எண்ணெய் பட்டுத் தானாகப் போகட்டும்.

நீ கேட்பது என்னையா, அவராக இருப்பதையா? குதிரை நின்றதும் உனக்கு நெஞ்சு நிறைந்ததே, அதில் நான் எங்கே இருக்கிறேன்? கோபத்தில் கேட்கவில்லை. நீ படித்தவன், யோசித்துப் பார். தொடை உரியும் ஒரு பேன்ட்டை இரண்டு மாதமாகக் கழற்றாமல் போட்டுத் திரிகிறாயே, ஏன்?

இந்தப் பெயர் வேலி என்று உனக்குத் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிம்மதியாக உன்னோடு பேசலாம். ஊசி, நூல், ஐதாவின் பல், உன் புத்தகம் எல்லாம் பேசலாம். வேலியை எடுத்துவிட்டால் பேச எனக்கு ஒன்றும் இல்லை, சின்னவனே. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

விடுதிக்குப் போனேன். உன் புத்தகங்களில் ஏழு கிடைத்தன. ஒன்றில் யாரோ டீ கிளாஸ் வைத்திருக்கிறார்கள்.

பேன்ட்டைத் திருப்பி அனுப்பு.

அசில்


சோங்-கோல்
21 ஆகஸ்ட்

அண்ணிக்கு,

அனுப்ப மாட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து நாள் அப்படியே போனது.

பிறகு ஒரு மத்தியானம், எல்லோரும் பால் கறக்கப் போயிருந்தபோது, பேனாக்கத்தியால் உங்கள் தையலைப் பிரித்தேன். இடுப்பு, முதுகு, இரண்டு கால். மன்னிக்கவும். அவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கிறீர்கள், சாயங்காலம் வரை ஆனது.

பிரித்து விரித்தபோது ஒன்றைப் பார்த்தேன். மூன்று மாத வெயிலில் வெளித்துணி வெளுத்துப் போயிருக்கிறது. நீங்கள் உள்ளே மடித்துவிட்டது மட்டும் அப்படியே கருநீலம். காலோடு மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. என் அகலம் எங்கே முடிகிறது, அண்ணன் அகலம் எங்கிருந்து தொடங்குகிறது என்று யாரோ அளந்து வரைந்த மாதிரி.

அதைப் போட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே போனேன். முழு அகலத்தோடு. காற்று உள்ளே புகுந்து பறந்தது. அம்மா குதிரைப் பால் கறந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா இது கோலம்?"

"இதான்மா அண்ணன் அளவு."

"பிரிச்சுட்டியா?"

"பிரிச்சுட்டேன்."

நெடுநேரம் அந்தக் கருநீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரைக்குட்டி முட்டி முட்டிக் குடிக்க வந்தது, அதைத் தள்ளிவிடவும் மறந்துவிட்டாள். "திருப்பித் தைக்கக் குடு" என்றாள் கடைசியில். அதைச் சொன்ன குரலில் வலு இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இன்னும் முழுதாக என்னிடம் இல்லை. பாதி இருக்கிறது. பேன்ட்டைக் கழற்றிய பிறகு குதிரை மறுபடியும் என்னை ஏறவிடவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பால் வண்டியில் அனுப்புகிறேன். சமத் கோச்கோரில் வாங்கிக்கொள்வார். நீங்கள் வெட்டாமல் விட்டதால் துணி முழுதாகத் திரும்பி வருகிறது. ஊசித் துளைகள் மட்டும் இருக்கும்.

துராத்


பிஷ்கெக்
17 செப்டம்பர்

சின்னவனுக்கு,

வெட்டிவிட்டேன்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்துக்கொண்டே இருப்பேன். இனி அது உனக்கும் ஆகாது, அவருக்கும் ஆகாது, யாருக்கும் பிரித்துவிட முடியாது. என் அளவுக்கு வெட்டியிருக்கிறேன்.

பங்கு பிரித்தபோது எனக்கு ஒன்றும் வரவில்லை என்று மே மாதம் எழுதினாயே. எனக்கு அது அந்த நாற்பதாம் நாளே தெரியும். கோட்டு யாருக்கு, பூட்ஸ் யாருக்கு என்று கூடாரத்துக்குள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெண்டாட்டிக்குப் பங்கு கிடையாது, அவளே பங்கில் ஒன்று என்று அப்போது தோன்றியது. நீதான் அதைக் காகிதத்தில் முதலில் எழுதியவன். அதற்காக உன் மேல் கோபப்பட முடியவில்லை.

கடை அடைத்த பிறகு போட்டுப் பார்த்தேன். தில்பர் என்னைச் சுற்றி ஊசி குத்தினாள். உடம்பின் மேல் வைத்துத் தைத்தால் வாயில் நூலைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்பாள். "கடி, கடி. இல்லன்னா புத்தியையும் சேத்துத் தச்சுடுவேன்." அரை மணி நேரம் நூலைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேச முடியாது என்பதால் அவள் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டாள். "அவரு நல்லவரா?" தலையாட்டினேன். "தம்பி?" தலையாட்டினேன். "அப்புறம் என்னடி உனக்கு?" நூல் வாயில் இருந்தது. அது ஒரு வசதி.

காலைக் கழற்றி உள்தையலை முழுதாக எடுத்துவிட்டேன். பெரிய ஊசி மூன்று உடைந்தது. முழங்கால் புடைப்பை விட்டுவிட்டு வெட்ட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. என் முழங்கால் வேறு இடத்தில் இருக்கிறது. அவருடையது அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

ஆஷுக்கு வருவேன். கறுப்பு உடுப்புக்குள்ளே இதைப் போட்டுக்கொண்டு வருவேன். நவம்பர் குளிர், யாரும் கேட்க மாட்டார்கள். கறுப்பை இறக்கும்போது தெரியும். தெரியட்டும். பிறகு ஐதாவைக் கேட்பேன். தராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி பகல் அதுதான் ஓடுகிறது, தையல் கோணலாகப் போகிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆண்கள் பக்கம் உன்னைக் கேட்பார்கள். நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கயிறு கட்டிக்கொண்டு வந்து நின்று காட்டுவதெல்லாம் போதாது. துணி பேசும் என்று விட்டதால்தான் இவ்வளவு தூரம் வந்தது.

அசில்


கோச்கோர்
19 நவம்பர்

அண்ணிக்கு,

ஆஷ் முடிந்த மறுநாள் விடியும் முன்பே நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். சமத்தின் காரில் பின்சீட்டில் ஐதாவின் தொப்பியைப் பார்த்தேன். அதனால் முடிவு தெரியும். நடுவில் நடந்தது தெரியாது. பெண்கள் கூடாரத்திலிருந்து யாரும் சொல்ல மாட்டேனென்கிறார்கள். அம்மா இரண்டு நாளாக எதையோ கைக்குள் மூடிக்கொண்டு நடக்கிறாள்.

என் பக்கத்தைச் சொல்கிறேன்.

காலையில் அண்ணனின் சாம்பல் குதிரையை அறுத்தார்கள். இறந்தவன் குதிரை அவன் ஆஷில்தான் போகவேண்டும். நான்தான் கடிவாளம் பிடித்துக் கொண்டுபோனேன். என் சாதாரண பேன்ட்டில். அது என்னைக் கடைசி வரை சேர்த்துக்கொள்ளவில்லை, போகும்போதும் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது.

கறி வேகும்போது பெரியப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"உன் அண்ணி உள்ள கறுப்பை இறக்குறா. முல்லா இருக்காரு, சாட்சிக்கு ஊரே இருக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"வேணாம் பெரியப்பா."

"என்ன வேணாம்? கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டிருப்பேன். பழைய வழக்கம்.

"நிக்காஹ் வேணாம்."

"அவ தச்சுக் குடுத்தா. நீ போட்டுக்கிட்ட. மலை முழுக்கப் பார்த்துச்சுடா."

"பார்த்துச்சு. எனக்குச் சேரலை. மூணு மாசம் தொடை உரிஞ்சதுதான் பலன், வேணும்னா காட்டுறேன்."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். "பிள்ளையை அவங்க அம்மாகிட்ட விட்டுடுங்க" என்றும் சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று சந்தேகமாக இருக்கிறது. முல்லா மட்டும் தலை நிமிர்ந்தார், அதனால் சொல்லியிருக்கிறேன்.

"அதை உன் ஆத்தா சொல்லட்டும்" என்றார் பெரியப்பா.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் கூடாரத்தில் ஒப்பாரி பாதியில் நின்றது. அப்படி நின்று நான் கேட்டதில்லை. கறிச்சட்டி கொதிக்கும் சத்தம் மட்டும். பெரியப்பாகூட அந்தப் பக்கம் திரும்பினார். ஒருவரும் எழுந்து போகவில்லை. போகவும் முடியாது.

உள்ளே என்ன நடந்தது?

பிப்ரவரியில் சேர்ந்துகொள்ளலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. ஆடுகளை சமத்தின் தம்பி பார்த்துக்கொள்வான். புத்தகங்களை வந்து வாங்கிக்கொள்கிறேன். கடை வாசலில் வாங்கிக்கொள்கிறேன்.

துராத்


பிஷ்கெக்
30 நவம்பர்

சின்னவனுக்கு,

நீ கேட்டதால் எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லாதது நல்லதுதான்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்து கடைசி ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பொத்தான்களைக் கழற்றினார்கள். உடுப்பு தலைவழியே போனது. யாரோ, "ஐயையோ, இது ஆம்பளத் துணி" என்றாள். பாட்டு நின்றது. வெளியே நீங்களெல்லாம் கேட்டது அதுதான்.

அத்தை வெள்ளை உடுப்பைக் கையில் வைத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் விளிம்பைத் திருப்பினார்கள். உள்தையலில் கட்டைவிரலை வைத்து முழங்கால் வரை தடவிக்கொண்டே வந்தார்கள். அந்தப் புடைப்பு கிட்டே விரல் நின்றது.

"மடிப்பு இல்லையே."

"இல்ல அத்தை. வெட்டிட்டேன்."

"யாரு அளவுக்கு?"

"என் அளவுக்கு."

உன் பெரியம்மா, "அப்ப சின்னவன்?" என்று தொடங்கினாள். அத்தை திரும்பாமலே, "நீ சும்மா இரு" என்றார்கள். அவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகு கேட்டார்கள்.

"மிச்சத் துணி எங்க?"

பையில் இருந்தது. கேட்பார்கள் என்று நினைத்துக் கொண்டுபோகவில்லை. கடையில் விட்டுவைத்தால் தில்பர் கூட்டித் தள்ளிவிடுவாள் என்று எடுத்து வந்திருந்தேன். இரண்டு நீளத் துண்டு, நீ சொன்ன அந்தக் கருநீலக் கோடு நடுவில். அத்தை வாங்கிப் பல்லால் கடித்துக் கிழிக்கப் பார்த்தார்கள். அந்தத் துணியா கிழியும்? மூன்று தடவை பார்த்தார்கள். உன் பெரியம்மா மெதுவாக, "உல்கான், இளஞ்சாவுக்குக் கிழிக்கக் கூடாதுன்னு பெரியவரு சொல்லியிருக்காரு" என்றாள்.

"கிழிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. கத்தரி குடு, அசில்."

கத்தரி எப்போதும் என்னிடம் இருக்கும். கொடுத்தேன். விரல் அகலத்துக்கு வெட்டி வெட்டி ஒவ்வொருத்தி கையிலும் வைத்தார்கள். பதினோரு பேர். உன் பெரியம்மாவுக்கும்தான். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசித் துண்டைத் தன் கைக்குள் மூடிக்கொண்டார்கள். நீ பார்த்தது அது.

நானும் கையை நீட்டினேன்.

"உனக்கு எதுக்கு? நீதான் போட்டிருக்கியே" என்றார்கள்.

வெள்ளை உடுப்பை மேலே போட்டுவிட்டார்கள். பொத்தானை அவர்களே போட்டார்கள். நான் ஐதாவைக் கேட்கவே இல்லை. விடியும் முன்பு பூட்ஸ் மாட்டி, தொப்பி கட்டி, அவர்களே தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தார்கள். "கோடைக்கு அனுப்பு. அந்த ஆட்டுக்குட்டி என்னை முட்டியே கொன்னுடும்" என்றார்கள்.

நீ சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறாய். கூடாரத்துக்குள் கேட்டது. பின்னால் அத்தை வெள்ளை உடுப்பை உதறும் சத்தம் நின்றது; என்னிடம் கத்தரி கேட்டது அதற்குப் பிறகுதான்.

புத்தகங்கள் கட்டி வைத்திருக்கிறேன். வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போ. தில்பர் உன்னை என்னவெல்லாமோ கேட்பாள், பதில் சொல்லாதே.

உன் ஆட்டுக் கயிற்றின் மூன்று முடிச்சையும் அவிழ்த்துவிட்டேன். ஐதா அதை வைத்துக் கயிறு தாண்டப் பார்க்கிறாள். நீளம் போதவில்லை என்று காலையிலிருந்து ஒரே அழுகை. வரும்போது நீளமாக ஒன்று கொண்டு வா.

அண்ணி